கறையா, குறியா

அன்று காலை எல்லையன் வரைந்து கொடுத்த படத்தில் சிப்பித்துறை கோட்டுக்கு வெளியே கிடந்தது.

சலேத் முதலில் அதை நம்பவில்லை. திரையில் தெற்குக் கரையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள். எந்த வருடத்துப் படமானாலும் அங்கே எல்லைக்கோடு கடலை ஒட்டித்தான் வளைந்து போகும். இந்தப் படத்தில் அது கரையை விட்டு விலகி, உள்நாட்டில் உப்பாற்றுப் பாலம் வரை ஏறி வந்திருந்தது. பாலத்துக்குத் தெற்கே எல்லாம் வெள்ளை. அவள் பிறந்த தெரு, அப்பாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டம், தம்பி எஸ்தாக்கியும் அவன் மனைவி பிலோமியும் குடியிருக்கும் வீடு எல்லாம் அந்த வெள்ளைக்குள் போயிருந்தன.

எல்லையன் ஓர் இயந்திரம். அரசாங்கத் தாள்களில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. எல்லைகளை வரைவதால் நிலப்படச்சாலை ஊழியர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள், பெயர் நிலைத்துவிட்டது.

கடல் ஏறிப் பாதி உலகத்தை விழுங்கிய பிறகு மிஞ்சிய நிலத்தில் எழுந்தது ஏழ்கடல் பேரரசு. அதற்கு முந்நூறு வயது. அந்த முந்நூறு வருடத்துப் படங்களும் தலைநகரின் நிலப்படச்சாலையில் இருந்தன. முதல் படம் ஒரு கைக்குட்டை அளவுத் துணி. இரண்டு ஆறுகளும் ஒரு கோட்டையும் மட்டும் அதில் உண்டு. அதற்குப் பிறகு தண்ணீரில் விட்ட எண்ணெய் மாதிரிப் பேரரசு படத்துக்குப் படம் பரவியது. நடுக்காலத்துப் படங்களை விரிக்க ஒரு கூடம் போதாது. பிறகு கீழ்த்தீவுகள் போயின, பனிநாடு போயிற்று, மேற்குப் பாலைவனம் போயிற்று. சுருங்குகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'எல்லைச் சீரமைப்பு' என்றுதான் எழுதுவார்கள்.

இத்தனை படங்களையும் எல்லையனுக்குக் காட்டினார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் படம் எப்படி இருக்கும் என்று அது வரைந்து தரும். சலேத்தின் வேலை பழைய படங்களில் அதற்கு வரும் சந்தேகத்தைத் தீர்ப்பது. செல்லரித்த ஓட்டையை அது ஏரி என்று நினைக்கும். மடித்த இடத்துக் கோட்டைச் சாலை என்று நினைக்கும். அப்போதெல்லாம் திரையில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அவளைக் கேட்கும்: கறையா, குறியா? சலேத் பதில் சொல்வாள். பன்னிரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு.

எழுந்து நேரே தலைமை அலுவலர் நாச்சியப்பனின் அறைக்குப் போனாள்.

"சார், தெற்குக் கரையில ஏதோ தப்பு வந்திருக்கு."

நாச்சியப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நல்ல மனிதர். யாரையும் குரல் உயர்த்தித் திட்டியதில்லை.

"நானும் பார்த்தேன். உங்க ஊருன்னு தெரியும். தப்பெல்லாம் இல்லை, உட்காருங்க."

"எதை வச்சு அது எங்க ஊரை வெளியில தள்ளுது?"

"இத்தனை வருஷமா பேரரசு விட்டுட்டு வந்த ஊரையெல்லாம் அது பார்த்திருக்கு. விடுறதுக்கு முன்னாடி என்னென்ன நடக்கும்னு கத்துக்கிச்சு. முதல்ல படத்துல ரயில் கோடு மெலியும். அப்புறம் ஆஸ்பத்திரிக் குறி போகும். அப்புறம் துறைமுகம். கடைசியில ஊர் பேரே இருக்காது. உங்க ஊர்ல ரயில் குறைஞ்சுட்டுதான வருது?"

"ஆஸ்பத்திரி இருக்கு சார். டாக்டர் இருக்கார்."

"இருக்கார். ஆனா இந்தப் படம் நாளைக்கு மந்திரிசபைக்குப் போகும். கைவிட்டுப் போகப்போற ஊருக்கு யாரும்மா புது டாக்டரை அனுப்புவாங்க? கடல் சுவருக்கு யார் கல் இறக்குவாங்க?"

"அப்ப படம் சொல்றதாலதான் ஊர் போகுது."

"ஊர் போறதாலதான் படம் சொல்லுது. எப்படி வச்சுக்கிட்டாலும் ஒண்ணுதான் சலேத்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "வீட்டுல யாருக்கும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா ஜனங்க பயந்து ஓடுவாங்க. அப்புறம் பதினைஞ்சு வருஷமெல்லாம் தாங்காது."

சலேத் யாருக்கும் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த அன்று செய்துகொடுத்த சத்தியம் ஒரு காரணம். என்னவென்று சொல்வது என்று தெரியாதது இன்னொரு காரணம்.

அந்த வருடம் ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு சேதியும் அவள் முன்பே கேட்டுவிட்ட சேதியாக இருந்தது. டாக்டர் விடுப்பில் போனார், திரும்பவில்லை. தினம் வந்த ரயில் வாரத்துக்கு ஒன்றாயிற்று. கடல் சுவரில் ஒரு பக்கம் சரிந்து, மழைக்காலத்தில் முதல் தெருவுக்குள் தண்ணீர் வந்தது.

"மேல எழுதிப் போட்டிருக்கோம்க்கா. இந்தா வாரோம், அந்தா வாரோம்னு சொல்லுதாங்க. ஒருத்தனையும் காணோம்," என்றான் எஸ்தாக்கி தொலைபேசியில். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிலோமிக்கு இது ஏழாம் மாசம்லா. இங்கன வச்சுப் பாக்கவா, இல்ல ஒன்கிட்ட அனுப்பிரவா? நீ சொல்லு."

அனுப்பு என்று சொன்னால் ஏன் என்று கேட்பான்.

"இன்னும் நாள் இருக்குலா, பாப்போம்," என்றாள்.

நாள் இருக்கவில்லை. எட்டாம் மாதம் பிலோமிக்கு உதிரம் போக ஆரம்பித்தது. அவளை மீன் வண்டியில் ஏற்றி உப்பாறு தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பிலோமி பிழைத்துக்கொண்டாள்.

"டாக்டரு மட்டும் இருந்திருந்தா காப்பாத்திருப்பாவக்கா," என்று சொல்லி அழுதான் எஸ்தாக்கி. அவன் அழுது அவள் கேட்டது அப்பா செத்தபோதுதான். சலேத் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு தெற்கு மாகாண அலுவலகத்தின் நிலவறையிலிருந்து பழைய படங்கள் ஒரு கட்டு வந்து சேர்ந்தன. பேரரசு முதன்முதலாகத் தளர்ந்த காலத்தவை, எலி கடித்தவை. எல்லையன் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வோர் இடமாக வட்டம் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தது. கறை, கறை, மடிப்பு, கறை என்று சலேத்தின் விரல் பழக்கத்தில் பதில் தட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வட்டம் சிப்பித்துறையின் மேல் வந்து நின்றது.

யாரோ எப்போதோ குத்திவைத்த குண்டூசியின் துருதான் அது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

கறையா, குறியா?

அவள் அந்தத் துருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரரசு துறைமுகங்களை விட்டிருக்கிறது, கோயில்களை விட்டிருக்கிறது, விளைநிலங்களையும் ஆஸ்பத்திரிகளையும் விட்டிருக்கிறது. கோட்டை இருந்த ஊரை மட்டும் தானாக விட்டதில்லை. சலேத் பார்த்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றில்கூட அப்படி நடந்ததில்லை.

குறி என்று தட்டினாள்.

என்ன குறி என்று கேட்டது.

கோட்டை.

அவ்வளவுதான். அடுத்த வட்டம் வந்தது, அது கறை.

மாதக் கடைசியில் எல்லையன் புதிய படம் வரைந்தது. கோடு உப்பாற்றுப் பாலத்தை விட்டு இறங்கி, பழையபடி கடலோரத்துக்கே போய் ஒட்டிக்கொண்டது. சிப்பித்துறை உள்ளே இருந்தது. சலேத் சத்தம் வராமல் சிரித்தாள்.

பிறகுதான் கிழக்கே பார்த்தாள். கரையிலிருந்து அரை நாள் படகுப் பயணத்தில் கோரைத்தீவு என்று ஒரு தீவு. நண்டு பிடிக்கிற குடும்பங்கள் சில நூறு அங்கே உண்டு. கோடு அந்தத் தீவை விட்டு விலகியிருந்தது. ஓர் ஊரைக் கூடுதலாகப் பிடித்துவைக்க வேண்டுமானால் இன்னோர் ஊரை விடத்தான் வேண்டும் என்றும் எல்லையன் கற்றுவைத்திருந்தது.

கோரைத்தீவில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. அன்று வீட்டுக்குப் போய், பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஊரில் எல்லாம் மாறியது. "டாக்டரு வந்துட்டாவக்கா! பட்டாளத்து டாக்டரு, ஆனா நல்லாப் பாக்காவ," என்றான் எஸ்தாக்கி. கடல் சுவருக்கு லாரி லாரியாகக் கல் இறங்கியது. ரயில் தினம் வந்தது. மாதா கோயிலில் நன்றிப் பூசை வைத்தார்கள். நல்ல சேதிகள் எல்லாவற்றையும் சலேத் நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை கேட்டாள்.

அதற்குப் பிறகு நில அளவைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் பட்டாளம் வந்தது.

சலேத் மூச்சிரைக்க ஓடிவந்தபோது நாச்சியப்பன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஊரைக் காலி பண்ணச் சொல்றாங்களாம் சார்!"

"ஆமா, உத்தரவு போயிருக்கு. ஒரு காலத்துல உங்க ஊர்ல கோட்டை இருந்திருக்காமே, எனக்கே தெரியாது. மந்திரிசபையில அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. நெருக்கடியான காலத்துலயே கோட்டை கட்டிக் காப்பாத்தின இடம்னா அது லேசுப்பட்ட இடமில்லை, திரும்பவும் கட்டுங்கன்னுட்டாங்க. கோட்டைக்குள்ள குடியிருப்பு வேண்டாமாம்."

"அங்க ஐயாயிரம் பேர் இருக்காங்க சார். அவங்க?"

நாச்சியப்பனுக்கு உண்மையாகவே வருத்தம்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "படத்துல ஆளுங்களுக்குன்னு ஒரு குறி இருக்கா சலேத்? எல்லையன் நிலத்தைத்தான் பார்க்குது. இருந்தாலும் உங்க ஊர் தப்பிச்சுச்சே, அதை நினைச்சுக்கோங்க."

ஊரை உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மேட்டுக்காடு என்ற பொட்டலில் தகரக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. சலேத் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். காற்றடித்தால் செம்மண் பறந்தது. கடல் வலையை வேலியாகக் கட்டி அதில் துணி காயப்போட்டிருந்தார்கள். ஆண்கள் வேலையின்றி நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். பிலோமி அவளைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மொண்டு வந்து வைத்தாள்.

எஸ்தாக்கி வெளியிலிருந்து வந்தான். உட்காரவில்லை.

"ஒங்க ஆபீஸ்ல எல்லாத்தையும் முன்னமே வரஞ்சு வச்சிருவாங்களாமே. முகாம் அதிகாரி சொல்லுதாரு."

"தம்பி, நான்..."

"டாக்டரு போவப் போறாருன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

சலேத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சும் சொல்லலியா? ஒன்கிட்ட அனுப்பட்டான்னு வாய் தொறந்து கேட்டம்லாக்கா. பாப்போம்னு சொன்னல்லா." அவன் சத்தம் போடவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. "வேற எவனும் செஞ்சா பரவால்ல. நீ எப்பிடிக்கா?"

கோட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தாள். அதற்குப் பதில் பிலோமி வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

பிலோமிதான் பேச்சை மாற்றினாள். "மதினி, கோரத்தீவுன்னு ஒண்ணு இருக்குலா, அரசாங்கம் இப்பம் கைவிட்டுச்சே? முகாமுல இருந்து சனங்க ரெண்டு ரெண்டு பேரா அங்க போறாங்க. அரசாங்கத்துல கேட்டா அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் மண்ணுங்காங்க. போனவங்க ஒருத்தரும் திரும்பி வரல."

"நல்லா இருந்தா எதுக்குத் திரும்பி வாரான்? செத்துட்டான்னா எப்படி வருவான்?" என்றான் எஸ்தாக்கி. பிறகு முதல் தடவையாக அவள் எதிரில் உட்கார்ந்தான். "நீ படத்துக்காரில்லா. நீ சொல்லு. அங்கன என்ன இருக்கு?"

"தெரியாதுல. கோட்டுக்கு வெளியில போன ஊர நாங்க வரையிறதில்ல. அதுக்குப் பொறவு எங்ககிட்ட ஒண்ணும் கெடையாது. வெள்ளைதான்."

"முந்நூறு வருசமா விட்ட ஊருல ஒண்ணுக்குக்கூடவா என்னாச்சுன்னு தெரியாது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"ஒண்ணுக்குக்கூடத் தெரியாது," என்றாள்.

அடுத்த மாதம் முகாமில் கணக்கெடுத்தபோது எஸ்தாக்கியும் பிலோமியும் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிற்று. சலேத் வேலைக்குப் போனாள், வந்தாள். தீவுக்குத் தொலைபேசி கிடையாது. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்பதற்குக்கூடத் தலைநகரில் ஆள் இல்லை. மாதந்தோறும் புதிய படம் வந்ததும் முதலில் அந்த வெள்ளையைத்தான் பார்ப்பாள். அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஒரு திங்கட்கிழமை படச்சாலையில் இனிப்பு கொடுத்தார்கள். நாச்சியப்பன் தாமே தட்டை ஏந்திக்கொண்டு மேசை மேசையாக வந்தார்.

"எடுத்துக்கோங்க சலேத். நான் சர்வீஸுக்கு வந்து முதல் தடவையா பேரரசு வளருது!"

"எங்க சார்?"

"கோரைத்தீவு. விட்டோமில்லையா, திரும்ப உள்ள வருது. இன்னும் அஞ்சாறு வருஷத்துலன்னு போட்டிருக்கு. மந்திரிசபையில ஒரே சந்தோஷம்."

சலேத் இனிப்பைக் கையில் வாங்கிக்கொண்டாள். "எப்படி சார்? வெளியில என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாதே."

"வெளியில எதுக்குத் தெரியணும்? முகாம் கணக்கு தெரியுமே. ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது, எல்லாரும் ஒரே பக்கமாப் போறாங்க. பழைய படங்களைப் பாருங்க, பேரரசு பெருசானதே அப்படித்தான். நம்ம ஜனங்க முதல்ல போய்க் காட்டைத் திருத்திக் குடியேறுவாங்க. கொஞ்ச வருஷத்துல கோடு பின்னாலேயே போகும். எல்லையன் அதை மறக்கலை."

அன்று மதியமே சலேத் கிளம்பிவிட்டாள். விடுப்புக்கூடக் கேட்கவில்லை. தெற்கே போகும் ரயிலில் ஏறி, உப்பாற்று முகத்துவாரத்தில் இறங்கினாள். அங்கே தீவிலிருந்து நண்டுப் படகுகள் வந்து போவதைக் காவல் பட்டாளம் கண்டும் காணாமலும் விட்டுக்கொண்டிருந்தது. தம்பி பெயரைச் சொன்னதும் ஒரு படகுக்காரர் ஏற்றிக்கொண்டார்.

கோரைத்தீவு தூரத்தில் தெரிந்ததும் அவளால் நம்ப முடியவில்லை. இத்தனை காலம் வெள்ளையாகப் பார்த்த இடத்தில் தென்னை நின்றது, ஓட்டுக் கூரைகள் தெரிந்தன, அடுப்புப் புகை எழுந்தது. கரையில் இறங்கி நடந்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிள்ளைகள் உரக்கப் பாடம் படித்தார்கள். ஒரு வாசலில் இரண்டு பெண்கள் கோழிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிழக்குக் கரையில் ஊரே திரண்டு நின்று கடலுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது. கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். வரிசையில் பாதிப் பேர் சிப்பித்துறைக்காரர்கள்.

பிலோமி இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. மூக்கு அப்படியே எஸ்தாக்கிக்கு.

"மதினி!" என்று கத்தினாள் அவள்.

எஸ்தாக்கி கல்லைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். மண் கையோடு அவளைக் கட்டிக்கொண்டான். மேட்டுக்காட்டில் பேசியதெல்லாம் அவன் முகத்தில் இல்லை. கறுத்து, மெலிந்து, நன்றாக இருந்தான்.

"வந்துட்டியாக்கா! இங்கனயே இருந்துருவல்லா? சொந்தமா பள்ளிக்கூடம் வச்சிருக்கோம், மருத்துவச்சி இருக்காவ, இந்தா செவுரு வருது. ஒருத்தன் வந்து இதச் செய்யி, அதச் செய்யின்னு சொல்லதில்ல. முன்னமே வந்திருக்கணும் நாம."

"தம்பி, கொஞ்சம் அங்கிட்டு வா."

தென்னை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. குண்டூசித் துரு, கோட்டை, இந்தத் தீவு வெளியே தள்ளப்பட்டது, இப்போது அது திரும்ப உள்ளே போகப்போவது எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டையைப் பற்றிச் சொன்னபோது ஒரு தடவை அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் திரும்பிச் சுவரைப் பார்த்தான்.

"எத்தன வருசம்?"

"அஞ்சு. மிஞ்சிப் போனா ஆறு."

"நாங்க இங்கன வந்ததாலதான் வாராங்களா?"

"ஆமா."

"அப்பம் நாங்க எங்க போனாலும் பொறத்தால வருவாங்க."

பிலோமி தூரத்திலிருந்து குழந்தையின் கையைப் பிடித்து அவர்களை நோக்கி ஆட்டிக் காட்டினாள். எஸ்தாக்கியும் கையை ஆட்டினான். அப்படி ஆட்டிக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னான்.

"யாருக்கும் சொல்லாத. பிலோமிக்கும் சொல்லாத."

"எஸ்தாக்கி..."

"மழைக்கு முன்னால செவுரு ஏறணும்க்கா. தெரிஞ்சா இங்க ஒருத்தன் கல்லுல கை வைக்க மாட்டான். பயந்து ஆளுக்கொரு பக்கமா ஓடுவான். நேரம் பாத்து நானே சொல்லுதேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி குரல் எடுத்துக் கூப்பிட்டான்.

"ஏய், எங்க அக்கா வந்துருக்கா! இனும இங்கனதான் இருக்கப் போறா! எடம் விடுங்க!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே நகர்ந்து நின்றார்கள். இரண்டு பேருக்கு நடுவில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. முதல் கல் கைக்கு வந்தது. சலேத் அதை வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்தாள்.